தாத்தாவின் அம்பாசிடருக்கு பெரிய இன்ஜின்... வீட்டிலேயே மாற்றலாமா?

ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதி, உத்திர வீதிப் பக்கம் நடந்துபோனால், தார்ப்பாய் போர்த்திய பழைய கார் ஒன்றாவது கண்ணில் படும். பெரும்பாலும் அம்பாசிடர், இல்லையென்றால் பத்மினி. தாத்தா வாங்கியது, அப்பா ஓட்டியது, இப்போது பூனை தூங்குவது. அந்த வீட்டுப் பேரனின் மொபைலில் ரீஸ்டோரேஷன் வீடியோ ஓடிக்கொண்டிருக்கும். துருப்பிடித்த வண்டி 20 நிமிஷத்தில் பளபளவென்று மாறும். பானெட்டுக்குள் புதுசாக ஒரு பெரிய இன்ஜின் இறங்கும். ஸ்டார்ட் பண்ணியதும் ஒரு உறுமல்.

'நாமளும் இதைப் பண்ணா என்ன?' என்று தோன்றாமல் இருக்குமா?

பண்ணலாம். ஆனால், அந்த 20 நிமிஷத்தில் வராத விஷயங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றில் சில உங்கள் பர்ஸைக் கடிக்கும். சில உங்கள் ஆர்.சி புக்கைக் கடிக்கும். ஒன்றிரண்டு உயிரோடு விளையாடும். வரிசையாகப் பார்த்துவிடலாம்.

கிட் கார்... அது என்ன?

யூடியூபில் நாம் பார்க்கும் வீட்டு கார் வேலைகளில் பல, வெளிநாட்டு 'கிட் கார்' வகை. சட்டகம், பாடி, சஸ்பென்ஷன் எல்லாம் பெட்டியில் வரும். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் வேறொரு பழைய காரிலிருந்து எடுத்து, வீட்டு ஷெட்டிலேயே பூட்டிக்கொள்ள வேண்டியதுதான். இந்தக் கலாசாரத்தின் தலைமகன் 1957-ல் பிரிட்டனில் வந்த லோட்டஸ் செவன். முழுக் காராக வாங்கினால் அங்கே கொள்முதல் வரி உண்டு. உதிரிகளாக வாங்கினால் கிடையாது. அதனால் கையில் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த இளைஞர்கள் எல்லாம் கார் கட்டினார்கள். 1973-ல் வாட் வரி வந்ததும் அந்தச் சலுகை போனது. அதே ஆண்டு செவனைத் தயாரிக்கும் உரிமை கேட்டர்ஹாம் கைக்குப் போனது. இன்றும் அந்த கார் விற்பனையில் இருக்கிறது.

நம் ஊரில் இதற்கு நெருக்கமாக வந்தவை இரண்டு. மும்பை அருகே அலிபாக்கில் சிங்காரா மோட்டார்ஸ் கட்டிய ரோட்ஸ்டர், செவன் சாயலில், ஃபைபர் பாடியோடு, இசுசு 1.8 லிட்டர் இன்ஜினில் ஓடியது. அதற்கு முன்பே பெங்களூரில் சிபானி நிறுவனம், பிரிட்டனின் ரிலையன்ட் கிட்டன் காரை வைத்து டால்ஃபின் என்ற ஃபைபர் பாடி காரை விற்றது. 848 சி.சி இன்ஜின்தான். ஆனால், பாடி லேசு.

இந்த 'லேசு' என்ற வார்த்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் லோட்டஸ் செவனின் சக்தி சுமார் 40 குதிரைத்திறன்தான். எடை சுமார் அரை டன். நம்ம பழைய பெட்ரோல் அம்பாசிடருக்கு சுமார் 50 குதிரைத்திறன். எடையோ ஒரு டன்னுக்கு மேல். குதிரை அதிகம், ஆனால் இழுக்க வேண்டிய சுமை இரண்டு மடங்கு. வண்டி 'இழுக்கல' என்று நாம் சொல்வதில் பாதிக் காரணம் இன்ஜின், மீதிக் காரணம் எடை.

தமிழ்நாட்டில் இதை நன்றாகப் புரிந்துகொண்டவர் கோவையின் கரிவரதன். மாருதி 800-ன் 796 சி.சி இன்ஜினை வைத்தே ஃபார்முலா மாருதி ரேஸ் கார்களைக் கட்டினார். கோவையில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில்தான் இருக்கிறது. சின்ன இன்ஜின், அதைவிடச் சின்ன எடை. அவ்வளவுதான் சூத்திரம்.

கம்பெனிகளே செய்த இன்ஜின் மாற்றம்

'பழைய பாடியில் பெரிய இன்ஜின்' என்பது ரோட்டோர மெக்கானிக்கின் ஐடியா மட்டும் அல்ல. கார் கம்பெனிகளே இதைச் செய்திருக்கின்றன.

1984-ல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கான்டெஸாவை அறிமுகம் செய்தது. ஆள் பார்க்க வில்லன் மாதிரி இருந்தாலும் உள்ளே இருந்தது அம்பாசிடரின் அதே 1.5 லிட்டர் இன்ஜின். பெரிய உடம்பை அது திணறித் திணறித்தான் இழுத்தது. பிறகு ஜப்பானின் இசுசு 1.8 லிட்டர் இன்ஜின் வந்தது. கான்டெஸா அதற்கப்புறம்தான் பெயர் வாங்கியது. 1990-களின் தொடக்கத்தில் அதே இசுசு இன்ஜினை அம்பாசிடருக்குள்ளும் இறக்கினார்கள். அதுதான் 'அம்பாசிடர் 1800 ஐ.எஸ்.இசட்'. 1,489 சி.சி-யிலிருந்து 1,817 சி.சி-க்கு ஒரு தாவல். சக்தி சுமார் 75 குதிரைத்திறன்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கம்பெனி இன்ஜினை மட்டும் மாற்றவில்லை. ஸ்டீயரிங் பக்கத்தில் இருந்த கியர் லிவர் தரைக்கு வந்தது. நான்கு கியர் ஐந்தானது. பின்னாளில் வந்த அம்பாசிடர்களுக்கு முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக்கும் கிடைத்தது.

எதிர்ப்பக்கத்து உதாரணம் சென்னையில் இருக்கிறது. பெருங்களத்தூரில் தொழிற்சாலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு மோட்டார், 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்ற காரைக் கொண்டு வந்தது. பாடி, பிரிட்டனின் ரோவர் எஸ்.டி.1. அங்கே அதற்கு 3.5 லிட்டர் வி-8 இன்ஜின் வரை கொடுத்தார்கள். இங்கே உள்ளே வைத்தது, பழைய வேன்கார்டு காலத்து வடிவமைப்பில் வந்த 2 லிட்டர் இன்ஜின். சில ஆண்டுகளிலேயே உற்பத்தி நின்றுபோனது. உடம்பும் இன்ஜினும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்றால், இன்ஜினீயர்கள் நிறைந்த கம்பெனிக்கே இதுதான் கதி.

இன்ஜின் சின்னதா... இல்லை, களைத்துப்போயிருக்கா?

பல வீடுகளில் பிரச்னை இன்ஜினின் அளவு கிடையாது. பத்துப் பதினைந்து வருஷமாக யாரும் அதைத் தொடவில்லை என்பதுதான். எனவே, இன்ஜின் தேடிப் போகும் முன் இதையெல்லாம் பாருங்கள்.

முதலில், கம்ப்ரஷன். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டையில் கேஜ் வைத்து மெக்கானிக் பார்த்துச் சொல்லிவிடுவார். நான்கு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் பிஸ்டன் ரிங்கோ, வால்வோ தேய்ந்திருக்கிறது. ரீ-போர் அடித்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டால், தொலைந்துபோன குதிரைகள் பல திரும்பி வரும்.

அடுத்தது, பெட்ரோல். உங்கள் தாத்தா காலத்து இன்ஜின் ஈயம் கலந்த பெட்ரோலுக்காக வடிவமைத்தது. 2000-ம் ஆண்டிலிருந்து இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் கிடையாது. ஈயம்தான் வால்வு உட்காரும் இடத்தை தேய்மானத்திலிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தது. அதனால், இன்ஜினைப் பிரிக்கும்போதே கடினப்படுத்திய வால்வு சீட் போடச் சொல்லிவிடுங்கள். இன்று பங்க்கில் கிடைப்பது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸ், கார்புரேட்டர் வாஷர், பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம் எல்லாவற்றையும் அது இளக வைக்கும் அல்லது வெடிக்கச் செய்யும். எத்தனால் தாங்கும் ஹோஸ் மாற்றுவது சின்னச் செலவு. மாற்றாமல் சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டினால் அது பெரிய செலவு.

மூன்றாவது, துரு. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் தீவு ஸ்ரீரங்கம். ஈரத்துக்குக் குறைவில்லை. அம்பாசிடருக்குத் தனியாகச் சட்டகம் கிடையாது; பாடியேதான் எலும்பு. அதனால் தரைத் தகடு, கதவுக்குக் கீழே ஓடும் பட்டை, டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் குழி, பின்பக்கம் பட்டை ஸ்பிரிங் மாட்டும் இடம் இவற்றை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால், அங்கே தகடு வெட்டி வெல்டிங் வைக்க வேண்டும். பட்டி பூசி பெயின்ட் அடித்துவிட்டால் கண்ணுக்கு மறையும்; பலம் வராது. டால்ஃபின் மாதிரி ஃபைபர் பாடி வண்டி கிடைத்தால் நிலைமை வேறு. மேலே துருவே இருக்காது. அடியில் இருக்கும் இரும்புச் சட்டகம் உளுத்துப்போயிருக்கும். பாடியைத் தூக்கிப் பார்க்காமல் விலை பேசாதீர்கள்.

ஒன்றைத் தொட்டால் எட்டு மாறும்

எல்லாம் பார்த்தாச்சு, இன்னும் பெரிய இன்ஜின்தான் வேணும் என்கிறீர்களா? சரி, கூடவே என்னவெல்லாம் மாறும்?

புது இன்ஜினுக்குப் பழைய மவுன்டிங் பொருந்தாது. கியர்பாக்ஸோடு சேரும் பெல் ஹவுஸிங் பொருந்தாது. கியர்பாக்ஸையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும். கியர்பாக்ஸின் நீளம் மாறினால், பின் சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டை வெட்டியோ நீட்டியோ, மறுபடி பேலன்ஸ் பண்ண வேண்டும். பேலன்ஸ் இல்லாத ஷாஃப்ட் 60 கி.மீ வேகத்தில் வண்டியையே உதறும். கிளட்ச், சைலன்ஸர் குழாய், ரேடியேட்டர், ஒயரிங், டிஃபரன்ஷியல் விகிதம் எல்லாமே இந்தப் பட்டியலில் உண்டு. டைனமோ வைத்த பழைய ஒயரிங், எலெக்ட்ரானிக் இன்ஜினுக்குத் தாங்காது. ஒயர் உருகினால் முதலில் தெரிவது வாசனை, இரண்டாவது தீ.

ரேடியேட்டரைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அதிக சக்தி என்றால் அதிக சூடு. சித்திரை மாச வெயிலில், மாம்பழச்சாலை டிராஃபிக்கில், காவிரிப் பாலத்தில் ஏறக் காத்திருக்கும்போது காற்று முன்னாலிருந்து வராது. ஹைவேயில் ஜம்முனு ஓடிய வண்டி அங்கே கொதித்து நிற்கும். திருச்சிக்கு ஏற்ற சோதனை அதுதான்.

இந்த வேலைகளுக்கு ஆள் கிடைப்பதில் திருச்சிக்குக் குறை இல்லை. பெல் நிறுவனத்தை நம்பி வளர்ந்த துவாக்குடி, அரியமங்கலம் பட்டறைகளில் லேத், வெல்டிங், ஃபேப்ரிகேஷன் தெரிந்த கைகள் ஏராளம். பொன்மலை ரயில்வே பணிமனை, நீலகிரி மலை ரயிலுக்கு நீராவி இன்ஜினையே புதிதாகச் செய்து கொடுத்த இடம். பழைய இயந்திரத்தை மதிக்கத் தெரிந்த ஊர் இது. ஆனால் பட்டறைக்காரரிடம் 'அண்ணே, இதை எப்படியாவது உட்கார வச்சுடுங்க' என்று சொல்லாதீர்கள். அளவெடுத்து, படம் வரைந்து கொண்டுபோங்கள். 'எப்படியாவது' என்பது ஓடும்போது கழன்றுவிடும்.

தேருக்கே பிரேக் மாற்றிய ஊர்

திருவாரூர் ஆழித்தேரைப் பார்த்திருப்பீர்கள். அத்தனை பெரிய தேரை ஒரு காலத்தில் முட்டுக்கட்டை போட்டுத்தான் நிறுத்தினார்கள். பிறகு இரும்புச் சக்கரம் வந்தபோது கூடவே ஹைட்ராலிக் பிரேக்கும் வந்தது. இரண்டையும் செய்து கொடுத்தது திருச்சி பெல். ஓட்டத்தை இலகுவாக்கினால், நிறுத்துவதையும் பலப்படுத்த வேண்டும். தேருக்கே அப்படி என்றால் காருக்கு?

கணக்கு எளிது. வேகம் கூடும்போது, பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் அதன் இருமடிப்படி கூடும். 60-ல் போன வண்டி 90-ல் போனால், வேகம் ஒன்றரை மடங்குதான். பிரேக்குக்கு வரும் வேலை இரண்டேகால் மடங்கு. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் இருக்கும் பழைய வண்டியில், இரண்டு மூன்று முறை அழுத்திப் பிடித்தாலே டிரம் சூடாகி பிடிமானம் குறையும். பெடல் இறங்கும், வண்டி நிற்காது. அதனால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்: முதலில் பிரேக், அடுத்து ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், டயர். கடைசியாகத்தான் இன்ஜின்.

ஆர்.டி.ஓ ஆபீஸ் என்ன சொல்லும்?

உங்கள் வண்டியின் பதிவு டி.என்.45, டி.என்.48, டி.என்.81 என எதில் இருந்தாலும் சட்டம் ஒன்றுதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து ஆர்.சி-யில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரளாவிலிருந்து போன வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது.

அதே ரக இன்ஜினை மாற்றிப் போடுவது வேறு விஷயம். பழைய 1.5 இன்ஜின் செத்துப்போய், அதே 1.5 இன்ஜின் போட்டால், 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ-வுக்குத் தெரிவித்து, புது இன்ஜின் நம்பரை ஆர்.சி-யில் ஏற்ற வேண்டும். இன்ஜின் வாங்கிய ரசீது கட்டாயம் வேண்டும். ரசீது இல்லாத மலிவு இன்ஜின், திருட்டு வண்டியிலிருந்து வந்திருந்தால் வழக்கு உங்கள் பக்கம் திரும்பும்.

வேறு ரக இன்ஜின் என்றால், அது அதே கம்பெனியுடையதாக இருந்தாலும், வாங்கும் முன்பே ஆர்.டி.ஓ-விடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதி இல்லாமல் மாற்றினால் 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. அதைவிடப் பெரிய அடி இன்ஷூரன்ஸில் விழும். ஆர்.சி-யில் ஒரு இன்ஜின், வண்டியில் வேறு இன்ஜின் என்றால், விபத்து நடந்த பிறகு கம்பெனி கைவிரிக்க அது போதும். ரோட்டில் ஒருவருக்கு அடிபட்டால், அந்த நஷ்டஈடு உங்கள் குடும்பத்தின் தலையில் வந்து நிற்கலாம்.

இன்னொரு இழப்பும் உண்டு. பலருக்கு இது தெரிவதில்லை. 2021-ல் வந்த விதிப்படி, முதல் பதிவாகி 50 ஆண்டு தாண்டிய கார், பைக்குகளை 'விண்டேஜ்' என்று பதிவு செய்யலாம். நம்பர் பிளேட்டில் 'வி.ஏ' என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி போன்றவற்றுக்கு மட்டும். ஆனால் நிபந்தனை: வண்டி அசல் நிலையில் இருக்க வேண்டும். பாடியிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் செய்திருந்தால் அந்த அந்தஸ்து கிடையாது. தாத்தா 1970-ல் வாங்கிய வண்டிக்கு ஆசையாக ஏற்றிய பெரிய இன்ஜின், அந்தக் கதவை மூடிவிடும்.

வீட்டில் வேலை செய்யும்போது...

வாசலில் வைத்து வேலை செய்பவர்கள் சில விஷயங்களில் சமரசமே செய்யக் கூடாது.

ஜாக்கி மட்டும் வைத்துத் தூக்கிய வண்டிக்கு அடியில் போகவே போகாதீர்கள். நான்கு ஜாக் ஸ்டாண்டு, சமதளத் தரை, சக்கரத்துக்கு அடைப்புக் கல் இவை கட்டாயம். செங்கல் அடுக்கி நிறுத்துவது வேண்டாம். பாரத்தில் செங்கல் எச்சரிக்கை கொடுக்காமல் நொறுங்கும்.

பெட்ரோல் டேங்கை வீட்டில் வெல்டிங் வைக்காதீர்கள். காலி டேங்குக்குள் நிற்கும் ஆவிதான் வெடிப்பது. எந்த வேலைக்கு முன்பும் பேட்டரி ஒயரைக் கழற்றிவிடுங்கள்.

பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டிரம்முக்குள் இருக்கும் தூசியை வாயாலோ, ஏர் பைப்பாலோ ஊதாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கட்டிப் போட்டுவிடுங்கள். மாஸ்க் அவசியம்.

இன்ஜினை வெளியே எடுக்க செயின் பிளாக் மாட்டும்போது, அதைத் தாங்கும் உத்தரம் எது என்று தெரிந்த ஆளிடம் கேளுங்கள். பழைய ஓட்டு வீட்டு உத்தரம் அதற்காக வைத்தது அல்ல. கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் கவரில் போட்டுப் பெயர் எழுதுங்கள். கழற்றும் முன் மொபைலில் போட்டோ எடுங்கள். ஆறு மாசம் கழித்துப் பூட்டும்போது அந்த போட்டோதான் உங்கள் குரு. சித்திரை வீதிக்காரர்களுக்கு ஒரு கூடுதல் டிப்ஸ்: தேருக்கு முன்னாடி வண்டியை உருட்டும் நிலைக்குக் கொண்டு வந்துவிடுங்கள். தேர் வரும்போது சக்கரம் இல்லாத வண்டி வீதியில் நிற்க முடியாது!

அப்போ என்னதான் பண்றது?

நான்கு வழிகள் இருக்கின்றன. வண்டி 50 வயதை நெருங்கியிருந்தால், அசல் இன்ஜினையே புதுப்பித்து அசலாகவே வைத்துக்கொள்வது மதிப்பு. 'தினமும் ஓட்டணும்' என்றால் அதே ரக நல்ல இன்ஜின், நல்ல பிரேக், ஆர்.சி-யில் பதிவு. இன்ஜினையே மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், அரசு அங்கீகாரம் பெற்ற மின்சார மாற்று கிட்டுகள் ஒரு சட்டபூர்வமான வழி. உங்கள் மாடலுக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். புதுசாகவே ஒரு காரைக் கட்டும் வெறி இருந்தால், கல்லூரி மாணவர்களுக்கு ஃபார்முலா பாரத் மாதிரியான போட்டிகள் இருக்கின்றன. அங்கே நீங்கள் கட்டியதை டிராக்கில், ஹெல்மெட்டோடு, ஆய்வு முடித்து ஓட்டலாம். ரோட்டில் ஓட்ட வேண்டிய கார் என்றால், அங்கீகாரம் பெற்ற சோதனை மையத்தின் சான்று இல்லாமல் பதிவே ஆகாது.

இந்த ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பிக்கப் போகிறீர்களா? தார்ப்பாயை எடுக்கும் முன், பீரோவில் இருக்கும் ஆர்.சி புக்கை எடுங்கள். முதல் பதிவுத் தேதி, இன்ஜின் நம்பர், பெயர் யாருடையது, எப்போது காலாவதியானது... நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். வண்டி இன்னும் தாத்தா பெயரில்தான் இருக்கிறது என்றால், வாரிசுப் பெயர் மாற்றம்தான் உங்கள் முதல் ரீஸ்டோரேஷன் வேலை. ஸ்பேனர் அதற்கப்புறம்.